நாடாவில் மட்டும் இருக்கும் பாட்டு

ஹிப்-ஹாப் என்ற சொல்லைப் பார்த்ததும் அடுத்த பக்கத்துக்குப் போய்விடும் வாசகர்கள் இந்தப் பத்திக்கு உண்டு. அவர்கள் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். இந்த வாரம் நான் எழுதப்போவது ராப் வரிகளைப் பற்றி அல்ல, கேசட்டைப் பற்றி. எந்த இசை நிறுவனமும் வெளியிடாத, எந்தக் கடைக் கணக்கிலும் ஏறாத, ஆனால் ஒரு நகரத்தின் இசையையே தூக்கிச் சுமந்த கேசட்டுகள். அவற்றுக்கு 'மிக்ஸ்டேப்' என்று பெயர். என்னிடம் 37 இருக்கின்றன. வீட்டில் அரிசி மூட்டைக்கு அடுத்தபடியாக அதிகம் திட்டு வாங்கும் பொருள் அதுதான்.

1973 ஆகஸ்ட் 11. நியூயார்க்கின் பிராங்ஸ் வட்டாரத்தில் செட்ஜ்விக் அவென்யூ, 1520ஆம் எண் அடுக்குமாடியில் ஒரு விருந்து. பள்ளி திறக்குமுன் புதுத் துணி வாங்கக் காசு சேர்க்க வேண்டும் என்று சிண்டி கேம்பல் என்ற பெண் ஏற்பாடு செய்தது. பெண்களுக்கு நுழைவுக் கட்டணம் 25 காசு, ஆண்களுக்கு 50 காசு. பாட்டுப் போட்டவர் அவருடைய அண்ணன், ஜமைக்காவில் பிறந்த 18 வயது கூல் ஹெர்க். ஒரு பாட்டில் பாடகர் வாய்மூட, மேளமும் பேஸும் மட்டும் தனியாக ஓடும் சில விநாடிகள் வருமே, அப்போதுதான் கூட்டம் அதிகம் ஆடுகிறது என்பதைக் கவனித்தவர் அவர். அந்தத் துண்டை மட்டும் எடுத்து, ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு சுழலிகளில் வைத்து, மாற்றி மாற்றி ஓட்டி நீட்டினார். ஹிப்-ஹாப் பிறந்த கதையாக இன்று எல்லாரும் சொல்வது இதைத்தான்.

இப்போது கணக்குப் பாருங்கள். இந்த இசையில் இசைத்தட்டு வெளிவந்தது 1979இல்தான். நடுவில் ஆறு ஆண்டுகள்! மாடிக் கூடத்திலும் விளையாட்டுத் திடலிலும் பள்ளி மண்டபத்திலும் இரவிரவாக நடந்த இசையை எந்த நிறுவனமும் பதிவு செய்யவில்லை. இதையெல்லாம் யார் வாங்குவார் என்று நினைத்திருப்பார்கள். யாரோ ஒரு பையன் ஒலிபெருக்கிக்கு முன்னால் டேப் ரெக்கார்டரைத் தூக்கி வைத்தான். இன்னொருவன் மிக்ஸரிலிருந்து நேராக ஒரு வயரை இழுத்தான். அந்த ஆண்டுகளின் சத்தம் நமக்குக் கேட்கிறது என்றால் அது அந்தக் கேசட்டுகளால்தான்.

கேசட்டுகள் கை மாறின. பிறகு விலைக்கும் போயின. கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் தம் விருந்து நாடாக்களை நிமிடத்துக்கு ஒரு டாலர் என்று விற்றார் என்பார்கள். வாடகைக் கார் ஓட்டுநர்கள் புது நாடாவை வாங்கி வண்டியில் போடுவார்கள். நல்ல நாடா இருக்கும் வண்டிக்காக ஆட்கள் காத்திருந்து ஏறுவார்களாம். ரசிகனை எங்கே பிடிப்பது என்று இன்றைக்கு விளம்பர நிறுவனங்கள் மண்டையை உடைத்துக்கொள்கின்றன. அன்று அதை டாக்சிக்காரர் செய்துவிட்டார்.

எண்பதுகளில் ஹார்லெமின் 'ரூஃப்டாப்' கிளப்பில் பாட்டுப் போட்ட புரூசி பி தம் நாடாக்களால் பெயர் பெற்றார். அவருக்குப் பின்னால் கிட் கேப்ரி வந்தார். நான் சொல்ல வருவது தொண்ணூறுகளின் நாடாக்களைப் பற்றி என்பதால் அந்தக் காலத்தை இத்துடன் விட்டுவிடுகிறேன்.

மிக்ஸ்டேப் என்றதும் நம்மவர்களுக்கு வேறொரு படம் மனத்தில் வரும். பாட்டுக்கடைக்குப் போய், வேண்டிய பாட்டுகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, வெற்று கேசட்டுக்கும் பதிவுக்கும் சேர்த்துப் பணம் கட்டி, அடுத்த வாரம் போய் வாங்கி வருவோமே, அது. அங்கே தேர்வு நம்முடையது; கடைக்காரர் பதிந்து தருபவர், அவ்வளவுதான். நியூயார்க் மிக்ஸ்டேப்பில் நிலைமை தலைகீழ். என்ன கேட்க வேண்டும் என்பதை டிஜே முடிவு செய்வார். அட்டையில் பாடகர் பெயர் சின்னதாக இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. டிஜே பெயர் பெரிதாக இருக்கும். ஒரு பாட்டுகூட அவர் பாடியதில்லை, இசையமைத்ததில்லை. ஆனாலும் அது அவருடைய நாடா என்பதில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. நம்மூரில் எத்தனையோ பேர் பாடிய ராகத்தை ஒரு நாதஸ்வர வித்வான் எடுத்து வாசித்தால், "அவர் தோடி" என்றுதானே சொல்கிறோம்.

ரான் ஜி என்ற ஹார்லெம் டிஜேயைக் கேட்டால் நான் சொல்வது புரியும். அவர் செய்தது கலப்பு. ஒரு காதல் பாட்டின் குரலை மட்டும் எடுத்து, முரட்டுத்தனமான ராப் பாட்டின் தாளத்தின் மேல் உட்கார வைப்பார். சொல்லும்போது சுலபமாக இருக்கிறது. இரண்டு பாட்டின் வேகமும் ஒன்றாக இருக்காது. அன்றைய டிஜேக்கள் நம்பியிருந்த டெக்னிக்ஸ் 1200 சுழலியில் வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ ஒரு நெம்பு இருக்கும், எட்டு விழுக்காடு வரை. வேகத்தைக் கூட்டினால் சுருதியும் கூடவே ஏறும். ஆகவே தாளம் சேர்ந்தால் சுருதி விலகும், சுருதி சேர்ந்தால் தாளம் விலகும். இரண்டும் ஒன்றாகப் பொருந்தும் ஜோடிகளை ஆயிரக்கணக்கான இசைத்தட்டுகளுக்குள்ளிருந்து காதாலேயே தேடிப் பிடிக்க வேண்டும். இதெல்லாம் கணினி வருவதற்கு முன்பு. 90 நிமிட நாடாவில் ஒரு பக்கம் 45 நிமிடம். 40ஆவது நிமிடத்தில் ஊசி வழுக்கினால் திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டும், அல்லது அந்த வழுக்கலோடு விற்க வேண்டும். என் காதுக்கு அந்த வழுக்கல்களும் பிடிக்கும். ஒரு மனிதன் அறையில் நின்றுகொண்டு செய்கிறான் என்பது அங்கேதான் தெரிகிறது.

இன்னொரு வகை, ராப் கலைஞர்களையே வரவழைத்து நாடாவுக்கென்று பாடவைப்பது. டூ வாப் 1995இல் போட்ட '95 லைவ்' அப்படிப்பட்டது. மறு ஆண்டு டோனி டச் தம் 50ஆவது நாடாவில் 50 ராப் கலைஞர்களை வரிசையாக நிறுத்திவிட்டார். நம் கவியரங்கில் ஒருவர் முடித்ததும் அடுத்தவர் எழுந்து அவரை மிஞ்சப் பார்ப்பார் அல்லவா, அந்தச் சூடு அதில் இருக்கிறது. அந்த வரிகளில் பலவும் எந்த ஆல்பத்திலும் கிடையாது. நாடாவுக்காகப் பிறந்து நாடாவோடு நின்றவை.

வானொலியையும் சொல்ல வேண்டும். கொலம்பியா பல்கலைக்கழக மாணவர் வானொலியில் 1990 முதல் 1998 வரை ஸ்ட்ரெட்ச் ஆம்ஸ்ட்ராங், பாபிட்டோ இருவரும் நடத்திய நிகழ்ச்சி நள்ளிரவு ஒரு மணிக்குத் தொடங்கி விடியும்வரை ஓடும். நாஸ், ஜே-சி, நொட்டோரியஸ் பி.ஐ.ஜி. எல்லாரும் உலகத்துக்குத் தெரியுமுன்னே அங்கே வந்து போனவர்கள். அதைப் பதிவு செய்ய நினைத்த பையன் 45 நிமிடத்துக்கு ஒரு தடவை எழுந்து நாடாவைத் திருப்பிப் போட வேண்டும். மறுநாள் பள்ளிக்கூடம் வேறு. அந்த நிகழ்ச்சியை இன்று நாம் கேட்க முடிகிறது என்றால் அதில் பெரும் பங்கு தூங்காத அந்தப் பையன்களுக்கு உண்டு. ரேடியோ 6-இல் விரும்பிய பாட்டு வரும்வரை பதிவுப் பொத்தான்மேல் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தவர்களுக்கு இந்தச் சிரமத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

டிஜே க்ளூவை விட்டுவிட்டால் விவரம் தெரிந்தவர்கள் கோபித்துக்கொள்வார்கள். குவீன்ஸ் பகுதிக்காரர். வெளிவராத பாட்டுகளை எப்படியோ பிடித்து, நிறுவனத்துக்கு முன்னால் தெருவுக்குக் கொண்டுவருவதில் பெயர் பெற்றவர். பாட்டின் நடுவே எதிரொலியோடு தம் பெயரைக் கத்துவார். வேறு யாரும் அந்தப் பாட்டைச் சுத்தமாகப் பிரித்தெடுத்துத் தங்களுடையதாகப் போட்டுக்கொள்ளக் கூடாது என்ற முத்திரை அது. முத்திரை வேண்டியதுதான். ஆனால் நல்ல வரி வரும் நேரம் பார்த்தா குத்துவது? ரான் ஜியை நூறு தடவை கேட்டிருக்கிறேன், க்ளூவை அந்த அளவுக்குக் கேட்க முடியவில்லை.

இவற்றில் பெரும்பாலானவை சட்டப்படி அனுமதி பெறாதவை. இசை நிறுவனங்கள் ஒரு கையால் பாட்டை டிஜேக்களிடம் தள்ளிவிட்டு மறு கையால் புகார் எழுதின. தெருவில் பேர் எடுத்தால்தான் ஆல்பம் விற்கும் என்று அவர்களுக்கும் தெரியும். 2007 ஜனவரியில் அட்லாண்டாவில் டிஜே டிராமாவின் இடத்தில் காவல்துறை புகுந்து எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட குறுந்தட்டுகளை அள்ளிக்கொண்டு போனபோது இந்த நாடகம் ஊருக்கே வெளிச்சமானது. அதற்குள் கேசட் காலம் முடிந்திருந்தது.

அனுமதி இல்லாததால் வந்த ஒரு விளைவுதான் என்னை உறுத்துகிறது. ஒரு நிறுவனம் வெளியிட்ட பாட்டுக்கு மூலப்பதிவு என்று ஒன்று எங்காவது பெட்டகத்தில் இருக்கும். மிக்ஸ்டேப்புக்கு அப்படி ஒரு பெட்டகம் இல்லை. நூறு பாட்டுக்கு நூறு உரிமையாளர்கள் இருப்பதால் இன்றைக்கும் அதை யாரும் முறைப்படி மறுவெளியீடு செய்ய முடியாது. ரசிகன் கட்டிலுக்கடியில் வைத்திருக்கும் சப்பாத்துப் பெட்டிதான் அதன் ஆவணக் காப்பகம்.

ஹூஸ்டன் நகரத்து டிஜே ஸ்க்ரூ கொஞ்சம் கொடுத்து வைத்தவர். பாட்டின் வேகத்தைத் தேன் ஒழுகுவதுபோல் இறக்கி, ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை ஒன்றுக்கொன்று சற்றே பிந்தவிட்டு, ஒரு சொல் இரண்டு தடவை விழும்படி வெட்டுவார். சாம்பல் நிறக் கேசட்டுகளில் தம் வீட்டிலிருந்தே விற்றார். ஆட்கள் பாட்டுப் பட்டியலோடு அவரிடம் போய்த் தங்களுக்கென்று நாடா போட்டு வாங்கினார்கள். நம் பாட்டுக்கடை வழக்கம்தான், ஆனால் பட்டியலை அவர் தம் வழிக்கு வளைத்துவிடுவார். 1996 ஜூன் 27 அன்று ஒரு நண்பரின் பிறந்தநாளுக்கு அவர் போட்ட நாடாவில் அரை மணி நேரத்துக்கும் மேலாக ஒரே தாளத்தில் நண்பர்கள் மாறி மாறிப் பாடுகிறார்கள். அதற்கு இணையாக எனக்கு வேறொன்றைச் சொல்லத் தெரியவில்லை. 2000 நவம்பரில், 29 வயதில், ஸ்க்ரூ போய்விட்டார். அவர் வைத்திருந்த இசைத்தட்டுகளை ஹூஸ்டன் பல்கலைக்கழக நூலகம் பாதுகாக்கிறது. மற்ற பலருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்பவர்களுக்கு ஒரு வரி. 1998இல் போயட்டிக் அம்மோ குழுவின் முதல் ஆல்பம் இங்கே வந்தது. அதில் இருந்த யோகி பி, நட்சத்திரா குழுவோடு 2006இல் 'வல்லவன்' கொண்டுவந்தார். தமிழில் ராப் என்று இன்று சென்னைவரை பேசப்படும் ஒன்றுக்கு நம் நாட்டுப் பிள்ளைகள் போட்ட பாதை அது.

என் நாடாக்கள் வந்த வழி எளிமையானது. பள்ளித் தோழன் ஒருவன் 1995இல் நியூ ஜெர்சிக்குப் படிக்கப் போனான். ஹார்லெம் 125ஆம் தெருவில் மேசை போட்டு விற்பவரிடம் வாங்கி, துணிக்குள் சுற்றித் தபாலில் அனுப்புவான். அன்று டாலர் இரண்டரை வெள்ளி. மாணவன் கையில் மிச்சம் என்ன இருந்திருக்கும்? இருந்தும் அனுப்பினான்.

நியூயார்க் குளிரில் இருந்திருந்தால் அவை நன்றாக இருந்திருக்கும். நம் ஈரக் காற்றுக்குக் கேசட் தாங்காது. நாடாச் சுருளின் ஓரத்தில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை படரும். அப்படி இருந்தால் தயவுசெய்து பிளேயரில் போட்டுப் பார்க்காதீர்கள்; பூஞ்சை ஹெட்டில் ஒட்டி அடுத்த நாடாவுக்கும் போகும். ஓட்டில் ஐந்து திருகாணி இருந்தால் கழற்றலாம். சுருளை எடுத்து, காய்ந்த மென்துணியால் ஓரத்தை மெதுவாகத் துடைத்து, வேறு நல்ல ஓட்டில் மாற்றிப் போடலாம். வாய்க்கும் மூக்குக்கும் கவசம் அவசியம். நாடாவை அழுத்தும் சிறு பஞ்சுப் பட்டை விழுந்திருந்தால் அதற்கும் மாற்று ஓடுதான் வழி. ஒட்டிய ஓடு என்றால் கொஞ்சம் சிரமம். பிறகு, ஹெட்டின் பக்கத்தில் இருக்கும் சின்னத் திருகாணியை ஒவ்வொரு நாடாவுக்கும் காதால் கேட்டு நுணுக்கமாகத் திருப்பினால், போர்வைக்குள் பாடுவதுபோல் இருந்த குரல் வெளியே வரும். ஒவ்வொரு நாடாவும் வெவ்வேறு கருவியில் பதியப்பட்டதால் இந்த வேலை. தாத்தாவின் குரல், கோயில் திருவிழாப் பேச்சு, கல்யாண நாதஸ்வரம் என்று எதை வைத்திருந்தாலும் முறை இதுவே.

கணினிக்கு இதுவரை 22 நாடாக்களை மாற்றியிருக்கிறேன். 45 நிமிடப் பக்கத்துக்கு 45 நிமிடம் உட்கார்ந்தே ஆகவேண்டும், விரைவாக ஓட்ட வழியில்லை. மீதி 15இல் ஐந்தில் பூஞ்சை. இரண்டில் டிஜே பெயரே அழிந்துவிட்டது. ஒன்றில் பேசுபவரின் குரலை வைத்து யாரென்று ஊகிக்கிறேன், மற்றதில் பேச்சே இல்லை. வெற்று ஓட்டுக்காகப் பழைய சாமான் கடைகளில் தேடிக்கொண்டிருக்கிறேன். ஐந்து திருகாணி உள்ள, பாட்டு எதுவும் வேண்டாத கேசட் யாரிடமாவது இருந்தால், தூக்கிப் போடுமுன் இந்தப் பத்தியின் முகவரிக்கு ஒரு வரி எழுதுங்கள்.