பின்னட்டைப் பையிலுள்ள குறுந்தகடு

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட எல்லைக் கிராமங்களைப் பற்றிய ஆய்வேடுகளுக்கு ஒரு நிலையான அமைப்பு உண்டு. முதல் இயலில் 1956 நவம்பர் 1 வரும். அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்ததும், நேசமணியும் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசும் கேட்டும் நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றதும் சொல்லப்படும். 1954 ஆகஸ்டு 11 துப்பாக்கிச் சூடு ஒரு பத்தியில் வந்து போகும். பிறகு கள ஆய்வு, தகவலாளர் பட்டியல், அட்டவணைகள். கடைசியில் பின்னட்டையின் உட்புறத்தில் ஒட்டிய ஒரு தாள்பை. அதற்குள் ஒரு குறுந்தகடு.

ஆய்வேட்டில் உயிருள்ள பகுதி பெரும்பாலும் அந்தப் பைக்குள்தான் இருக்கும். கிழவி ஒருத்தி ஒரே வாக்கியத்தைத் தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடித்து, இடையில் கையை வீசிக் கால்வாய் இருக்கும் திசையைக் காட்டுவாள். அவள் பேச்சை எழுத்தில் பெயர்க்கும்போது ஆய்வாளர் எது தமிழ், எது மலையாளம் என்று முடிவுசெய்தாக வேண்டும். எந்த எழுத்தில் எழுதுவது, எந்தச் சொல்லைச் சாய்வெழுத்தில் இடுவது என்பவை தட்டச்சுச் சிக்கல்கள் அல்ல. 1956இல் நில அளவையாளர் செய்த வேலையை அவள் வாய்க்குள் மறுபடி செய்வதாகும் அது. காட்சிப்பதிவு அந்தக் கோட்டை இழுக்கக் கட்டாயப்படுத்துவதில்லை. அவள் பேசியது பேசியபடியே நிற்கிறது. ஆனால் பட்டம் கொடுக்கப்படுவது கோடு இழுத்த முந்நூறு பக்கங்களுக்கு. கோடிழுக்காத நாற்பது நிமிடத்தை இயக்கிப் பார்க்கத் தேர்வாளரின் மடிக்கணினியில் குறுந்தகட்டு வாயிலே இல்லை.

இந்தச் சிக்கல் எல்லைக் கிராமங்களோடு முடிவதில்லை. காட்சிப்பதிவை ஆய்வாகவும் கலையாகவும் செய்துகொண்டே பல்கலைக்கழகத்தில் கற்பிப்பவர் ஒருவரின் வாழ்க்கைப்பாதையை எடுத்துப் பார்த்தால் அது தெளிவாகும். பெங்களூரின் ஆயிஷா ஆபிரகாம் அத்தகையவர். பரோடாவில் ஓவியம் பயின்றவர். அமெரிக்காவில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் முதுநிலை முடித்தவர். பெங்களூரில் கலைஞர்கள் தாமே நடத்திய பார் 1 என்ற உறைவிட அமைப்பின் தொடக்க உறுப்பினர்களுள் ஒருவர். இன்று மணிப்பால் பல்கலைக்கழகத்தின் ஓர் அங்கமாக உள்ள சிருஷ்டி நிறுவனத்தில் நெடுங்காலம் கற்பித்தவர். அவருடைய பணியின் மையம் பிறர் எடுத்துக் கைவிட்ட படச்சுருள்கள். பெங்களூர் வீடுகளில், பரண்களில், அலமாரிகளின் அடியில் பூஞ்சை பிடித்துக் கிடந்த எட்டு மில்லிமீட்டர் வீட்டுப்படங்களைத் தேடி எடுத்தார். டாம் டி'அகுயர் என்ற ஆங்கிலோ-இந்தியப் பொழுதுபோக்குப் படப்பிடிப்பாளரின் சுருள்களிலிருந்து 2005இல் 'ஸ்ட்ரெய்ட் 8' உருவானது. பெங்களூரில் பிறந்து உலகம் சுற்றி 2003இல் மறைந்த நடனக் கலைஞர் ராம் கோபாலைப் பற்றிய 'ஐ ஸா எ காட் டான்ஸ்' 2011இல் வந்தது.

இப்படங்கள் எதையும் விளக்கி உரைப்பதில்லை. சுருளின் கீறலும் கறையும் அழிந்துபோன சட்டகங்களும் திரையில் அப்படியே ஓடுகின்றன. அரசு ஆவணக்காப்பகம் ஒருபோதும் சேகரித்திராத ஒரு நகரத்தின் வரலாறு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது, எவ்வளவு போய்விட்டது என்பதைப் பார்வையாளர் தம் கண்ணாலேயே அளந்துகொள்கிறார். எந்த வரலாற்றுத் துறையும் பெருமைப்படத்தக்க ஆய்வு இது. மூலம் தேடல், மூலத்தை ஐயுறல், மூலத்தின் சிதைவையே சான்றாக வாசித்தல் ஆகிய மூன்றும் இதில் உண்டு.

இனி அந்தப் பாதையைப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறையில் உள்ள ஆய்வு மதிப்பெண் அட்டவணையில் வைத்துப் பார்க்கலாம். ஆபிரகாம் தம் தேடலைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். வீட்டுப்படங்களைப் பற்றிக் கலிபோர்னியா பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட 'மைனிங் தி ஹோம் மூவி' என்ற தொகுப்பில் அது இடம்பெற்றுள்ளது. தொகுப்பு நூலில் ஓர் இயலுக்கு அட்டவணை தருவது 5 மதிப்பெண். அந்த இயல் எதைப் பற்றியதோ அந்தப் படத்திற்கு அட்டவணையில் ஒரு வரிசைகூட இல்லை. நிழலுக்குக் கூலி உண்டு, ஆளுக்கு இல்லை.

அட்டவணை காட்சிப்பதிவை அறியாதது என்று சொல்லவும் இயலாது. ஆசிரியர் ஒளிப்படக்கருவியின் முன் நின்று, சில்லுகளை வாசித்து, வினாக்களும் சேர்த்து நான்கு பகுதிகளில் முழுமையான இணையவழித் திறந்தநிலைப் பாடம் ஒன்றைத் தயாரித்தால் 20 மதிப்பெண். மானுடவியல், மொழி, சமூக அறிவியல் துறைகளில் ஓர் ஆய்வுக்கட்டுரைக்கு 10. ஆக, காட்சிப்பதிவு கட்டுரையைப் போல இருமடங்கு மதிப்புப் பெறக்கூடியது. அதில் பார்க்கத்தக்கதாக எதுவும் இருந்துவிடக் கூடாது என்பது மட்டுமே நிபந்தனை. பொதுப் பாடத்துறைகளில் இணைப் பேராசிரியர் பணிக்கு 75, பேராசிரியர் பணிக்கு 120 என்று வாசலில் வரம்பு எழுதியிருக்கும்போது, ஆறு ஆண்டு அலைந்து ஒரு படம் எடுப்பதா, அதே காலத்தில் பன்னிரண்டு கட்டுரைகளை அடுக்குவதா என்பதை இளம் ஆசிரியர் தம் வீட்டு வாடகையைப் பார்த்துத்தான் முடிவுசெய்வார். அவரைக் குறைசொல்ல ஒன்றுமில்லை.

நுண்கலைத் துறைக்குத் தனி விதி இருக்கிறதே என்று ஒரு மறுப்பு வரும். இருக்கிறது. கண்காட்சிகளில் தொடர்ந்து பங்கேற்ற தொழில்முறைக் கலைஞரை உதவிப் பேராசிரியராக எடுக்க ஒழுங்குமுறை இடம் தருகிறது. வாசலில் அவர் கலைஞர். உள்ளே வந்து பதவி உயர்வு கேட்கும் நாளில் அவர் கட்டுரையாளர். மேலும், சிக்கல் நுண்கலைத் துறைக்குள் அடங்குவதும் அன்று. தமிழ்த் துறையிலோ நாட்டார் வழக்காற்றியலிலோ மொழியியலிலோ இருந்துகொண்டு காட்சிப்பதிவால் சிந்திப்பவருக்கு அந்த வாசலும் இல்லை.

இரண்டாவது மறுப்பு கனமானது. காட்சிப்பதிவில் வாதம் இல்லை, சரிபார்க்கச் சான்றுக்குறிப்பு இல்லை, துறைவல்லுநர் மதிப்பீட்டுக்கு வழியில்லை என்பர். கடைசி இரண்டும் பழகாமையிலிருந்து வருபவை. பிரிட்டனின் 2021ஆம் ஆண்டு ஆய்வுத்தர மதிப்பீட்டில் திரைப்படமும் கண்காட்சியும் நிகழ்த்துகையும் ஆய்வு வெளியீடுகளாகவே ஏற்கப்பட்டன. காணொளிக் கட்டுரைகளை வல்லுநர் மதிப்பீட்டுக்கு உட்படுத்தி வெளியிடும் ஆய்விதழ் ஒன்று 2017 முதல் நடந்துவருகிறது. வாதம் இல்லை என்பதற்கு விடை வேறு. வெட்டும் ஒட்டும் இருக்குமிடத்தில் வாதம் இருக்கும். எந்தச் சட்டகத்துக்குப் பின் எந்தச் சட்டகம் என்பது ஒரு துணிபு. அதை மறுக்கலாம், மறுத்து இன்னொரு படம் எடுக்கலாம். மறுக்க முடியாதவை நம் கட்டுரைகளில்தான் மலிந்துள்ளன, ஏனெனில் அவற்றில் பல ஒன்றும் சொல்வதில்லை.

ஆயினும் ஓர் அச்சம் நியாயமானது. மதிப்பெண் என்று அறிவித்த மறுநாளே ஒவ்வொரு துறையிலிருந்தும் பறக்கும் கருவியில் எடுத்த வயற்காட்சிகள் புல்லாங்குழல் பின்னணியோடு வந்து குவியும். கட்டுரைக்கு மதிப்பெண் வந்தபோது போலி ஆய்விதழ்கள் குவிந்தன அல்லவா? போலிகள் வந்ததால் கட்டுரையை நாம் தள்ளிவைக்கவில்லை. வாசிக்கத் தெரிந்தவர்களை அமர்த்த முயன்றோம். படத்திற்கும் பார்க்கத் தெரிந்தவர்கள் வேண்டும்.

பாறசாலைக்குத் திரும்பினால், எவ்வளவு கைநழுவிக்கொண்டிருக்கிறது என்பது தெரியும். வளைகுடாவுக்குப் போனவர்களின் வீடுகள் இப்பகுதியில் ஏராளம். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் திருமணத்தைக் காண நாடு திரும்ப இயலாத அண்ணனுக்காக எடுக்கப்பட்ட வி.எச்.எஸ். நாடாக்கள் அந்த வீடுகளில் உண்டு. பந்தலில் யார் எந்த மொழியில் யாரை விளித்தார், பந்தியில் யார் எங்கே அமர்ந்தார், தோள்சீலைக்காகப் போராடியவர்களின் கொள்ளுப்பேத்திகள் என்ன உடுத்தினர் என்பதையெல்லாம் எந்தக் கள ஆய்வாளரும் அன்று பதிவுசெய்யவில்லை. கூலிக்கு வந்த வீடியோகாரர் பதிவுசெய்தார். டெக் ஓடும் வீடு இன்று இல்லை. வி.எச்.எஸ். கருவியைத் தயாரித்த கடைசிப் பெரிய நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. 2019இல் யுனெஸ்கோவும் உலக ஒலி-ஒளி ஆவணக் காப்பாளர் அமைப்பும், உலகெங்கும் உள்ள காந்த நாடாக்களை 2025 வாக்கில் மாற்றிப் பதிய வேண்டும், பிறகு கருவிகளே கிடைப்பது அரிதாகும் என்று எச்சரித்தன. இரண்டு பருவமழையும் பெய்யும் இந்நிலத்தில் நாடாவில் பூஞ்சை ஏற எச்சரிக்கை எதுவும் தேவையில்லை.

நாடாக்களோடு முடிவதும் இல்லை. இரவிக்குட்டிப்பிள்ளை போர் போன்ற தென்திருவிதாங்கூர்க் கதைப்பாடல்களுக்குத் தமிழ், மலையாள இலக்கிய வரலாற்றாசிரியர் இருசாராரும் உரிமை கோருவர். ஏடு கிடைத்தது, பதிப்பு வந்தது, உரிமைப்போர் இன்னும் ஓயவில்லை. பாடியவர் வில்லில் எந்த அடியை எப்படி அடித்தார், எந்தச் சொல்லில் கூட்டம் அசைந்தது என்பதற்கு இருசாராரிடமும் சான்று அரிது. நெய்யாறு இடதுகரைக் கால்வாயும் அப்படித்தான். விளவங்கோடு வட்டத்து வயல்களுக்குப் போன நீரைக் கேரளம் 2004இல் நிறுத்தியது. தமிழ்நாடு 2012இல் உச்ச நீதிமன்றம் சென்றது. வழக்குக் கட்டுகளில் ஏக்கர் இருக்கிறது, கன அடி இருக்கிறது. எல்லைக்கு இப்புறம் நீரோடும் கால்வாயும் அப்புறம் புல் மண்டிய அதே கால்வாயும் ஒரே நடையில், ஒரே வெட்டுப்படாத காட்சியில் வருவது எந்தக் கட்டிலும் இல்லை. தில்லியில் யமுனையின் கரையில் நடந்து நடந்து படமெடுத்த அதுல் பல்லாவும் ஒரு பல்கலைக்கழக ஆசிரியரே. யமுனைக்கு ஒருவர் கிடைத்தார். நெய்யாற்றுக்கு எவரும் வரத் தூண்டும் விதி எதுவும் நம்மிடம் இல்லை.

2025 சனவரியில் மானியக் குழு புதிய வரைவை வெளியிட்டு, மதிப்பெண் அட்டவணையைக் கைவிட்டு, ஒன்பது 'குறிப்பிடத்தக்க பங்களிப்பு'த் துறைகளை முன்வைத்தது. இந்திய அறிவு மரபு அதில் உண்டு, தொழில்முனைவு உண்டு, இணையவழிப் பாடத்திற்கான மின்னுள்ளடக்கம் மறுபடியும் உண்டு. கலைப்படைப்பு என்று ஒரு வரி தனியாக இல்லை. அதே மாதத்தில் தமிழ்நாடு, கேரளச் சட்டமன்றங்கள் இரண்டுமே வரைவை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றின. துணைவேந்தர் நியமனத்தில் மாநில உரிமை பற்றிய அந்த எதிர்ப்பு சரியானது. ஆனால் களியக்காவிளைச் சோதனைச்சாவடியின் இருபுறமும் ஒரே குரலில் பேசிய அந்த அரிய மாதத்தில், துணைவேந்தரை யார் நியமித்தாலும் அவர் எதை ஆய்வென்று எண்ணுவார் என்ற கேள்வி விவாதத்தின் ஓரத்துக்குக்கூட வரவில்லை.

தில்லிக்காகக் காத்திராமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு. முனைவர் பட்ட ஆய்வேட்டின் வடிவத்தை விவரிக்கும் விதிகளைப் பெரிதும் வகுப்பவை பல்கலைக்கழகங்களே. எல்லையின் ஒருபுறம் கேரளப் பல்கலைக்கழகமும் மறுபுறம் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. இரண்டிலும் தமிழ் ஆய்வு நடக்கிறது. காட்சிப்பதிவே ஆய்வேட்டின் உடலாகவும், அதன் முறையையும் மூலங்களையும் விளக்கும் நூறு பக்க உரை அதன் துணையாகவும் அமையலாம் என்று இரு கல்விக்குழுக்களும் ஒரு விதி சேர்க்கலாம். தேர்வாளர் மூவரில் ஒருவர் படமெடுத்துக் கற்பிக்கும் கலைஞராக இருக்க வேண்டும் என்று மற்றொரு விதி. வாய்மொழித் தேர்வு நடக்கும் அறையில் ஒரு திரையும், நாற்பது நிமிடம் விளக்கணைத்து உட்காரும் பொறுமையும் வேண்டும். பனச்சமூட்டிலிருந்தோ பொழியூரிலிருந்தோ வரும் மாணவி முதலில் படத்தை ஓட்டட்டும். கேள்விகளைப் பிறகு கேட்கலாம்.