தண்டனையோடு நட்டஈடும் வேண்டும்: எமது நிலைப்பாடு

ஓப்பநாயக்க தோட்டப்புற மக்கள் சார்பாக இதை அறிவிக்கிறோம். குற்றம் நிரூபிக்கப்பட்ட ஒவ்வொரு வழக்கிலும் பாதிக்கப்பட்டவரின் பண இழப்பை நீதிமன்றம் விசாரித்து, நட்டஈடு வழங்கும்படி குற்றவாளிக்குக் கட்டளையிட வேண்டும். கட்டளையிடாவிட்டால் காரணத்தைப் பதிவுசெய்ய வேண்டும்.

கொழுந்து பறிக்கும் பெண்ணொருவரை ஒருவர் அடித்துக் கையை முறித்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். எலும்பு கூடும்வரை அவருக்குப் பேர் (ஒரு நாள் வேலைப் பதிவு) விழாது. 2024 செப்டெம்பரில் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபாய் அடிப்படை நாட்சம்பளப்படி பார்த்தாலும், 25 பேர் விடுபட்டால் 33,750 ரூபாய் போய்விடும். மருந்துச் செலவு, இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குப் பஸ் காசு, துணைக்குப் போனவரின் பேர் எல்லாம் அதற்கு மேல். வழக்குத் தவணைக்குப் போகும் ஒவ்வொரு நாளும் இன்னொரு பேர் போகும். கடைசியில் தோடு அடகுக்குப் போகும். எதிரி குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டப்பணம் கட்டினால், அது அரசுக்குச் சேரும். அடகு வட்டி அந்தப் பெண்ணின் தலையில்தான் ஏறும்.

இதற்கு இலங்கைச் சட்டத்தில் வழி இருக்கிறது. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 17(4)ஆம் பிரிவின்படி, குற்றத்தால் பாதிக்கப்பட்டவருக்கு நட்டஈடு செலுத்தும்படி நீதிமன்றம் கட்டளையிடலாம். தொகையைத் தவணை முறையிலும் கட்டச் சொல்லலாம். தண்டப்பணத்தைப் போலவே அறவிடலாம். பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்குமான 2015ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டமும், அதன் இடத்தில் வந்த 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டமும் பாதிக்கப்பட்டவரின் உரிமைகளை ஏற்றுக்கொண்டுள்ளன.

ஆனால் 17(4)ஆம் பிரிவு அதிகாரம் தருகிறதே தவிர, கட்டாயப்படுத்தவில்லை. கேட்கத் தெரியாதவருக்கு அது எட்டாமலே போகலாம். எங்கள் பகுதியில் நீதிமன்ற மொழி சிங்களம். அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை மொழிபெயர்ப்புக்கு உரிமை தந்தாலும், தன் இழப்பை யாரிடம், எப்போது சொல்வது என்று தெரியாத தொழிலாளிக்கு அது மட்டும் போதாது. தனியாகச் சிவில் வழக்குப் போடவும் அவரிடம் வசதியில்லை.

2013இல் இந்திய உச்ச நீதிமன்றம், அங்குஷ் சிவாஜி கெய்க்வாட் வழக்கில், ஒவ்வொரு குற்ற வழக்கிலும் நட்டஈடு பற்றி நீதிமன்றம் சிந்தித்துக் காரணம் பதியவேண்டும் என்று தீர்ப்பளித்தது. இங்கிலாந்தில் 1982ஆம் ஆண்டுச் சட்டம், குற்றவாளியிடம் இரண்டையும் கட்ட வசதியில்லாதபோது தண்டப்பணத்தைவிட நட்டஈட்டுக்கே முன்னுரிமை தந்தது. இலங்கைக்கும் இது முடியாத காரியமல்ல.

எதிரியும் பல நேரம் ஏழைதான். அதே லயத்துக்காரராகவும் இருப்பார். அவருடைய பிள்ளைகளைப் பட்டினி போடும் கட்டளையை நாங்கள் கேட்கவில்லை. வருமானத்துக்கு ஏற்ற மாதத் தவணை போதும். நட்டஈடு கட்டியதால் வழக்கை மூடிவிடலாம் என்பதையும் ஏற்கமாட்டோம்.

ஆகவே நாங்கள் கோருவது:

1. நட்டஈட்டை விசாரிப்பதும், மறுத்தால் காரணம் பதிவதும் 17ஆம் பிரிவில் கட்டாயமாக்கப்பட வேண்டும்.
2. முறைப்பாட்டை எழுதும்போதே பொலிஸார் இழப்பு விபரத்தைத் தமிழில் பதிந்து நீதிமன்றத்துக்குச் சமர்ப்பிக்க வேண்டும்.
3. இழந்த நாட்சம்பளமும் வழக்குக்குச் சென்ற நாட்களும் கணக்கில் சேர வேண்டும்.
4. தண்டப்பணத்துக்கு முன் நட்டஈடு அறவிடப்பட வேண்டும்.

தோட்ட மக்களுக்கும் ஒரு வேண்டுகோள். மருந்துத் துண்டு, சம்பளச் சிட்டை, அடகுச் சீட்டு எதையும் எறியாதீர்கள். அவற்றைக் கொண்டு வாருங்கள். இழப்பு விபரத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதித் தர நாங்கள் உதவுவோம்.