பன்னிரண்டு ஊர்களின் பதில்



ஒடிசாவின் நியாம்கிரி மலை டோங்ரியா கோந்த் மக்களுக்கு மண்ணும் பாறையும் மட்டுமல்ல. அவர்களின் தெய்வமான நியாம் ராஜாவின் இருப்பிடம். மலையுச்சி மரத்தில் கோடரி வைக்கக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். அந்த உச்சியில்தான் பாக்சைட் கிடக்கிறது. வேதாந்தா நிறுவனத்தின் அலுமினா ஆலைக்காக அதைத் தோண்ட முனைந்தபோது, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது.

2013 ஏப்ரல் 18 அன்று வந்த தீர்ப்பை எப்போது படித்தாலும் மனம் நெகிழ்கிறது. அந்த மக்களின் வழிபாட்டு உரிமை பாதிக்கப்படுமா என்பதைக் கிராம சபைகளே கூடிச் சொல்லட்டும் என்றது நீதிமன்றம். அவ்வாண்டு மழைக்காலத்தில், நீதித்துறை அதிகாரி ஒருவரின் முன்னிலையில் 12 ஊர்கள் கூடின. பன்னிரண்டும் சுரங்கம் வேண்டாம் என்றன. 2014 ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அனுமதி மறுத்தது.

சபைகளுக்கு அந்த வலுவைத் தந்தது 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். காட்டில் வாழ்பவர்களுக்கு வரலாற்று அநீதி நேர்ந்தது என்று தன் முகப்பிலேயே ஒப்புக்கொள்ளும் சட்டம் அது. அரசு தன் தவற்றைச் சட்டத்திலேயே எழுதிவைப்பது அரிது.

நம் மலைகளுக்கு வருகிறேன். அரசமைப்பின் ஐந்தாம் அட்டவணை பத்து மாநிலங்களின் பழங்குடிப் பகுதிகளுக்குத் தனிப் பாதுகாப்பு தருகிறது. அந்தப் பத்தில் தமிழ்நாடு இல்லை. தோடரும் குறும்பரும் பணியரும் வாழும் நீலகிரிக்கோ, மலையாளிப் பழங்குடி மக்களின் கல்வராயன் மலைக்கோ அந்த நிழல் கிடையாது. ஆகவே இங்கே 2006 சட்டமே பெருந்துணை. தனிப் பட்டாவோடு, தேனும் நெல்லியும் எடுக்கவும் காட்டைக் காக்கவும் ஊர்ப் பொது உரிமையையும் அதன்படி கேட்கலாம்.

என் கவலை சபை கூடும் இடத்தைப் பற்றியது. பதிவேட்டில் ஏறாத பழைய குடியிருப்பையும் இந்தச் சட்டம் கிராமம் என்றே கொள்கிறது. பத்து வீட்டுப் பதியின் மக்கள், கீழே ஊராட்சிக் கூட்டத்தில் நூறு பேருக்கு நடுவே போய் நின்றால் அவர்கள் சொல் எடுபடாது. அவர்கள் முற்றத்திலேயே கூடினால், மூதாட்டிகளும் வாய் திறப்பார்கள்.

மலையூர்களில் ஆசிரியராக, செவிலியராக, ஊராட்சிச் செயலராக இருக்கும் வாசகர்களே, உங்கள் பகுதியில் வன உரிமைக்கான கிராம சபை எங்கே கூடுகிறது, யார் பேசுகிறார்கள் என்று எழுதியனுப்புங்கள். அடுத்தடுத்த இதழ்களில் அவற்றுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்