பூவின் பெயரில் பீரங்கி! பொம்மையின் பெயரில் நெருப்பு!

"ரஷ்யாவோட புது டாங்கியைப் பார்த்தீங்களா பாய்? இனி அமெரிக்காக்காரன் வாலாட்ட முடியாது!"

கடைவீதியிலும் டீக்கடையிலும் செல்போனை நீட்டி இப்படிப் பூரித்துப் போகும் இளைஞர்களை அடிக்கடி பார்க்கிறோம். அமெரிக்காவின் அட்டூழியங்களைக் கண்டு கொதித்த உள்ளங்களுக்கு, அதை எதிர்த்து நிற்பவன் எல்லாம் வீரனாகத் தெரிகிறான். கொதிப்பு நியாயமானது. பூரிப்பு நியாயமானதா? நிதானமாகக் கணக்குப் பார்ப்போம், வாருங்கள்.

கணக்கு குரோஸ்னியில் தொடங்குகிறது. செச்சன்யாவின் தலைநகரமான இந்த நகரை, ஒரேயொரு பாராசூட் படைப்பிரிவை வைத்து இரண்டு மணி நேரத்தில் பிடித்துவிடலாம் என்று வாய்ச்சவடால் அடித்தார் அன்றைய ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சர் பாவெல் கிராச்சேவ். 1994 டிசம்பர் 31 அன்று டாங்கிகள் நகருக்குள் புகுந்தன. நடந்தது என்ன? 131வது மைகோப் படையணியின் 26 டாங்கிகளில் 20 அழிந்தன! மாடிகளிலிருந்தும் நிலவறைகளிலிருந்தும் செச்சன்யர்கள் ராக்கெட்டால் அடித்தார்கள். டாங்கியின் பீரங்கியால் அவ்வளவு உயரே நிமிரவும் முடியவில்லை, அவ்வளவு கீழே குனியவும் முடியவில்லை. டாங்கிகள் பலவற்றின் மேலிருந்த வெடிகவசப் பெட்டிகளில் வெடிமருந்தே இல்லை!

அதைவிடப் பெரிய கோளாறு டாங்கியின் வயிற்றுக்குள் இருந்தது. டி-72 டாங்கியில் வீரர்களின் காலடியிலேயே 22 குண்டுகள் வட்டமாக அடுக்கப்பட்டிருக்கும். இயந்திரமே குண்டை எடுத்து நிரப்பிவிடும். நான்கு பேர் செய்யும் வேலைக்கு மூன்று பேர் போதும். ஒரு ஆளை மிச்சம் பிடித்தார்கள். ஆனால் கவசம் துளைக்கப்பட்டால் குண்டுகள் மொத்தமாக வெடித்து, மேற்கோபுரமே பிய்த்துக்கொண்டு பறக்கும்!

இதைத்தான் நவீனப்படுத்தினார்களா? வியாபாரிகளான உங்களுக்குப் புரியும்படி சொல்கிறோம். 1991 வளைகுடாப் போரில் டி-72 என்ற பெயர் சந்தையில் நாறிப்போனது. அதன் மேம்பட்ட வகையாக டி-72பியூ என்று உருவான டாங்கியே 1992இல் டி-90 என்ற பெயரில் வெளிவந்தது. கவசமும் குறிபார்க்கும் கருவிகளும் மேம்பட்டன, உண்மைதான். காலடிக் குண்டுகள்? அங்கேயே இருந்தன! 2001இல் 310 டி-90 டாங்கிகளுக்கு இந்தியா ஒப்பந்தம் போட்டது. அவற்றில் 186 டாங்கிகளைப் பொருத்தும் வேலை நம் ஆவடிக்கு வந்தது. ஆக, இதில் நம் வரிப்பணமும் இருக்கிறது. பிறகு வந்த டி-90எம் டாங்கியில் உபரிக் குண்டுகளைக் கோபுரத்துக்குப் பின்னால் மாற்றினார்கள். அடியிலுள்ள 22ஐ மாற்றவில்லை.

அப்படியானால் குரோஸ்னியிலிருந்து ரஷ்ய ஆட்சியாளர்கள் எதைத்தான் கற்றார்கள்? நகருக்குள் போனால் அடி விழும். எனவே தூரத்தில் நின்று நகரையே தரைமட்டமாக்கு என்பதைக் கற்றார்கள்!

அந்தப் பீரங்கிகளின் பெயரைக் கேளுங்கள். கார்னேஷன், அகாசியா, பியோனி, துலிப்! எல்லாம் பூவும் மரமும். துலிப் வீசும் 240 மி.மீ. குண்டு சுமார் 130 கிலோ! டி-72இன் அடிப்பாகத்தின் மேல் 30 குழாய்களை ஏற்றிய இன்னொரு கருவிக்குப் பெயர் புராட்டினோ. ரஷ்யக் குழந்தைகளின் கதையில் வரும் மரப்பொம்மையின் பெயர் அது! எரிபொருளைக் காற்றில் பரப்பிக் கொளுத்தும் அதன் ராக்கெட், நிலவறையில் பதுங்கியவர்களையும் அழுத்தத்தால் கொல்லும். 2000 மார்ச்சில் கோம்சோமோல்ஸ்கோயே கிராமத்தின் மீது அது ஏவப்பட்டது. அதற்கு முன்பே 1999 அக்டோபர் 21 அன்று குரோஸ்னிச் சந்தையில் ஏவுகணைகள் விழுந்தன. காய்கறி வாங்க வந்தவர்களும் விற்க வந்தவர்களுமாக நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பூமியிலேயே அதிகம் அழிக்கப்பட்ட நகரம் குரோஸ்னி என்று 2003இல் ஐ.நா. சொன்னது.

பிறகு சிரியா. அங்கே 200க்கும் மேற்பட்ட புதிய ஆயுத வகைகளைச் சோதித்ததாக 2018இல் பெருமையடித்தார் விளாதிமிர் ஷமனோவ். செச்சன்யாவில் படை நடத்திய அதே தளபதிதான்! முஸ்லிம்களின் ஊர்கள் இவர்களுக்குச் சோதனைக் கூடமா?

2015இல் செஞ்சதுக்க அணிவகுப்பில் வீரர்களைத் தனிக் கவசக் கூட்டுக்குள் வைக்கும் அர்மாட்டா டாங்கியைக் காட்டினார்கள். ஒத்திகையில் ஒன்று நடுவீதியில் நின்றுவிட்டது. விலை அதிகம், அதனால் உக்ரைன் போருக்கு அனுப்பவில்லை என்று 2024இல் ஆயுத நிறுவனத் தலைவர் செர்கேய் செமேசோவே சொன்னார். வீரனைக் காக்கும் டாங்கிக்குக் காசில்லை! 2022 முதல் உக்ரைனில் 3000க்கும் மேற்பட்ட ரஷ்ய டாங்கிகள் அழிந்ததும் கைவிடப்பட்டதும் பிடிபட்டதும் படங்களோடு பதிவாகியுள்ளன. கிடங்கில் கிடந்த டி-62, டி-55 டாங்கிகளைத் தூசி தட்டி அனுப்பினார்கள். மரியுபோல் நகரமோ இன்னொரு குரோஸ்னியாகச் சாம்பலானது.

இளைஞர்களே! பல்லூஜாவை நொறுக்கிய அமெரிக்க டாங்கியை வெறுக்கிறீர்கள். குரோஸ்னியை நொறுக்கிய டாங்கிக்கு மட்டும் கைதட்டலா? அநியாயத்துக்கு ஒரே பெயர்தான். கொடியைப் பார்த்து அது மாறாது. அடுத்த முறை எவராவது அந்தப் படத்தை நீட்டினால் ஒரேயொரு கேள்வி கேளுங்கள்: "இந்தக் குழாய்க்கு எதிரே நின்றவர்கள் யார்?"