சொல்லும் கடமையும் கேட்கும் கடமையும்

காப்பீட்டு நிறுவனம் பொறுப்பேற்பது தாளில் எழுதப்பட்ட காருக்கு. உற்பத்தியாளர், மாதிரி, எரிபொருள், மதிப்பு என பாலிசியில் குறிக்கப்பட்டவற்றைக் கொண்டே பிரீமியம் கணக்கிடப்படுகிறது. சாலையில் ஓடும் கார் தாளில் உள்ள காரிலிருந்து வேறுபடத் தொடங்கும் நாளில், உரிமையாளர் அறியாமலேயே அவருடைய பாதுகாப்பும் தளரத் தொடங்குகிறது. இந்தியாவில் பலர் இதை அறிவது விபத்து நேர்ந்து, சர்வேயர் வந்து வண்டியைப் பார்த்த பிறகே.

இவ்வேறுபாடுகள் யாவும் ஒரே தன்மையன அல்ல. மூன்று வகைகளைப் பிரித்துப் பார்ப்பது நலம்.

முதலாவது, வண்டியின் இயல்பை மாற்றாமல் மதிப்பை மட்டும் கூட்டும் துணைக்கருவிகள். பின்னர் வாங்கிப் பொருத்திய மியூசிக் சிஸ்டம், தொடுதிரை போன்றவை இதில் அடங்கும். 2002ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் கட்டண விதிகள், உற்பத்தியாளரின் விற்பனை விலையில் சேராத மின், மின்னணுக் கருவிகளுக்கு அவற்றின் மதிப்பில் 4 விழுக்காட்டைக் கூடுதல் பிரீமியமாக வகுத்தன. அக்கணக்கின்படி 20,000 ரூபாய்க் கருவிக்கு ஆண்டுக்கு 800 ரூபாய். 2007 முதல் சொந்தச் சேதப் பிரிவின் கட்டணத்தை நிறுவனங்களே வகுத்துக்கொள்கின்றன. எனினும் இக்கருவிகளைத் தனியே குறித்துக் காப்பீடு செய்யும் முறை தொடர்கிறது. அறிவிக்காத கருவி களவுபோனால் அதற்கு இழப்பீடு கிடைக்காது. செலுத்தாத பிரீமியத்துக்குக் கிடைக்காத பயன் என்ற அளவில் இதில் அநீதி இல்லை.

இரண்டாவது, பதிவுச் சான்றின் விவரங்களையே மாற்றும் திருத்தங்கள். டெல்லியிலும் மும்பையிலும் குஜராத்திலும் பெட்ரோல் கார்களில் பின்னர் பொருத்தப்படும் சி.என்.ஜி. கிட் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. மோட்டார் வாகனச் சட்டம், 1988, 52ஆம் பிரிவின்படி உற்பத்தியாளர் வகுத்த விவரங்களிலிருந்து மாறுபடும் வகையில் வண்டியைத் திருத்தக் கூடாது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. வேறு எரிபொருளுக்கு மாற்றும் கிட்டை மட்டும் அதே பிரிவு நிபந்தனைகளோடு அனுமதிக்கிறது. ஆகவே உரிமையாளர் தட்ட வேண்டிய கதவுகள் இரண்டு: ஒன்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகம், மற்றொன்று காப்பீட்டு நிறுவனம். ஆர்.சி.யில் சி.என்.ஜி. என்று பதிவாகிவிட்டால் பாலிசியும் தானே திருந்திவிடும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. அந்நம்பிக்கைக்கு ஆதாரமில்லை. பாலிசியில் தனித் திருத்தக் குறிப்பு சேர்ந்தாக வேண்டும்.

மூன்றாவது, சட்டமே விலக்கியவை. கண்ணாடிகளில் ஒட்டும் கறுப்புப் படலத்தை 2012இல் உச்ச நீதிமன்றம் தடைசெய்தது. முன்புறத்தில் பொருத்தும் இரும்புத் தடுப்புக் கம்பிகள் மீது நடவடிக்கை எடுக்குமாறு 2017 டிசம்பரில் ஒன்றிய அரசு மாநிலங்களை அறிவுறுத்தியது. இவற்றைக் காப்பீட்டு நிறுவனத்திடம் அறிவிப்பதால் இவை சட்டபூர்வமாகிவிடா.

இவ்வளவும் உரிமையாளரின் கடமை பற்றியவை. அக்கடமை நியாயமானதே. இடரின் அளவை அறியாமல் எவரும் அதற்கு விலை கூற இயலாது. ஆனால் கடமை முழுவதையும் ஒரு தரப்பின் தலையில் மட்டும் ஏற்றுவது நியாயமா என்ற வினா எஞ்சி நிற்கிறது.

இக்கொள்கையின் வேரைத் தேடுவோர் 1766ஆம் ஆண்டின் 'கார்ட்டர் எதிர் போம்' என்ற ஆங்கிலேய வழக்கைச் சுட்டுவர். சுமத்திராவில் இருந்த மார்ல்பரோ கோட்டையின் ஆளுநர், அது அந்நியரிடம் வீழ்வதற்கு எதிராகக் காப்பீடு எடுத்திருந்தார். பிரெஞ்சுக்காரர் அதைக் கைப்பற்றினர். கோட்டையின் வலுவின்மையை அவர் மறைத்தார் எனக் கூறிக் காப்பீடு அளித்தவர் பணம் தர மறுத்தார். மான்ஸ்ஃபீல்டு பிரபு, அறிந்ததைச் சொல்லும் கடமையை அத்தீர்ப்பில் விரிவாக வகுத்தார். ஆனால் வெற்றியைக் காப்பீடு எடுத்தவருக்கே அளித்தார். காப்பீடு அளித்தவர் அறிந்திருக்கக் கூடியதையும் விசாரித்திருக்கக் கூடியதையும் பின்னர் காரணமாக்கக் கூடாது என்பதும் அத்தீர்ப்பின் பாதி. இந்திய நடைமுறை முதற்பாதியை நன்கு நினைவில் வைத்திருக்கிறது. மறுபாதியைப் பெரிதும் மறந்துவிட்டது.

பிரிட்டன் அதை மறக்கவில்லை. அங்கே 2012ஆம் ஆண்டின் நுகர்வோர் காப்பீட்டுச் சட்டம், தாமாக முன்வந்து எல்லாவற்றையும் சொல்லும் கடமையிலிருந்து தனிநபர்களை விடுவித்தது. நிறுவனம் கேட்க வேண்டும்; கேட்டதற்கு நுகர்வோர் தக்க கவனத்தோடு உண்மை கூற வேண்டும். கவனக்குறைவால் தவறிய ஒருவர் கூடுதல் பிரீமியம் செலுத்தியிருக்க வேண்டியவர் மட்டுமே எனில், அவர் செலுத்திய விகிதத்துக்கேற்ப இழப்பீடு குறையும், முற்றாக மறுக்கப்படாது.

இந்தியாவில் இவ்வாறான சட்டம் இல்லை. இணையத்தில் சில நிமிடங்களில் முடியும் புதுப்பித்தலில், துணைக்கருவி பற்றிய வினா பல தளங்களில் விருப்பத் தெரிவாக ஓர் ஓரத்தில் கிடக்கிறது. விற்கும்போது வினா ஒரு வரிதான். இழப்பீடு கேட்கும்போதோ விசாரணை நீள்கிறது.

நீதிமன்றங்கள் ஓரளவு இந்த இடைவெளியை நிரப்பியுள்ளன. தனிப் பயன்பாட்டுக்கான வண்டி வாடகைக்கு ஓடிய வழக்குகளில், 2008இல் ஒரு களவுக்கு 75 விழுக்காடு இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் ஏற்றது. 2010இல் ஒரு விபத்துக்கும் முழு மறுப்பை ஏற்காது ஒரு பகுதியை வழங்கச் செய்தது. அவை பயன்பாடு பற்றியவை, திருத்தம் பற்றியவை அல்ல. ஆயினும் மீறலுக்கும் இழப்புக்கும் உள்ள தொடர்பைப் பார்க்க வேண்டும் என்ற அவற்றின் நெறி இங்கும் பொருந்தும். நின்றிருந்த கார் வெள்ளத்தில் மூழ்கியதற்கும் அதன் அலாய் சக்கரங்களுக்கும் என்ன தொடர்பு?

இவ்வாறு தளர்த்தினால் மறைப்பவரின் சுமையை நேர்மையானோர் ஏற்க நேரும் என்று நிறுவனங்கள் வாதிடலாம். வேண்டுமென்றே மறைத்தவருக்கு எந்தச் சலுகையும் வேண்டாம். கேட்கப்படாததால் சொல்லாதவரையும் கேட்டபின் பொய் சொன்னவரையும் ஒரே தட்டில் நிறுத்த வேண்டாம் என்பதே கோரிக்கை. காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம் இரண்டைச் செய்யலாம். ஒவ்வொரு புதுப்பித்தலிலும் எரிபொருள், எஞ்சின், உடற்பகுதி, சக்கரம், துணைக்கருவி பற்றித் தனித்தனி வினாக்களை, வாடிக்கையாளரின் மொழியில், கட்டாயமாக்கலாம். கேட்கப்படாத ஒன்றைக் காரணமாக்கி இழப்பீட்டை முற்றாக மறுப்பதைத் தடுக்கலாம்.

அந்நாள் வரும்வரை சுமை உரிமையாளருடையதே. எதைப் பொருத்தினாலும் ரசீதையும் ஆர்.சி. நகலையும் இணைத்து எழுத்தில் அறிவித்து, திருத்தக் குறிப்பு கையில் கிடைக்கும்வரை விடாது கேட்க வேண்டும். முகவரிடம் வாய்மொழியாகச் சொன்னதை விபத்துக்குப் பின் மெய்ப்பிப்பது அரிது.