கூப்பிடும் பெயரும் எழுதும் பெயரும்



சென்ற மாதம் கோட்டையூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். பெண் குழந்தை பிறந்து ஏழு மாதம் ஆகிறது. வீட்டில் எல்லோருக்கும் அவள் ‘சாலா’. பிறந்த மூன்றாம் நாள், குழந்தையின் ஐயா, அதாவது அப்பாவின் அப்பா, தொட்டிலருகே உட்கார்ந்து, “சாலா, முழிச்சிட்டியாம்மா?” என்று கேட்டாராம். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர். இப்போது அந்தச் சத்தம் கேட்டால் குழந்தை சிரித்துக்கொண்டே திரும்புகிறாள். பிறப்புச் சான்றிதழில் மட்டும் பெயருக்கான இடம் காலியாகக் கிடக்கிறது. “சாலாவை விட மனசு வரவில்லை. அதையே சான்றிதழில் எழுதினால் பாதியில் நிறுத்தின மாதிரி இருக்கிறது. சாலா என்று கூப்பிடுவதற்குத் தோதாக ஒரு முழுப் பெயர் சொல்லுங்களேன்” என்று கேட்டிருந்தார்.

இந்தக் கடிதத்தை நான் மூன்று முறை படித்தேன். ஏனென்றால் செட்டிநாட்டு வழக்கம் இதற்கு நேர்மாறானது. எங்கள் பக்கம் எழுதும் பெயர், பிள்ளை பிறக்கும் முன்பே காத்திருக்கும். மூத்த பையனுக்கு ஐயா பெயர், மூத்த பெண்ணுக்கு அப்பத்தா பெயர், அடுத்தடுத்த பிள்ளைகளுக்குத் தாய்வழிப் பெயர் என்று முறை உண்டு. ‘பேரன்’ என்ற சொல்லே ‘பெயரன்’தான், பாட்டனின் பெயரைச் சுமப்பவன். கானாடுகாத்தானில் பிறந்து, 1929-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் எழக் காரணமான ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் தந்தை பெயர் முத்தையா. அவருடைய மகன் பெயரும் முத்தையா. ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அதே பெயர் வந்து வீட்டில் உட்காரும்.

பெயர் இப்படிச் சுலபமாக வந்துவிடும். கூப்பிடுவதுதான் முடியாது. மாமனார் பெயரை மருமகள் வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். அந்தப் பெயரைத் தாங்கிய பிள்ளை ஓடி விழுந்தாலும், “அடேய்” என்று பெயரைச் சேர்த்து அதட்ட முடியாது. அதனால் தம்பி, ராசா, ஐயா, பாப்பா, ஆத்தா என்று ஏதோ ஒன்று வரும். இல்லாவிட்டால் பெரிய பெயரிலிருந்து ஒரு துண்டை எடுத்துக்கொள்வார்கள். மீனாட்சி மீனாவாகும். வள்ளியம்மை வள்ளியாகும். சொக்கலிங்கம் சொக்கு, அழகப்பன் அழகு. மரியாதையும் கெடாது, கூப்பிட வாய்க்கும் ஒரு பெயர் கிடைக்கும். செட்டிநாட்டில் கூப்பிடும் பெயர் செல்லத்தில் மட்டும் பிறக்கவில்லை, மரியாதையிலும் பிறந்தது.

எங்கள் அப்பத்தா பெயர் உமையாள். அவருக்குச் சீராக வந்த பாத்திரங்களில் எல்லாம் குடும்ப விலாசத்தோடு முழுப் பெயரும் வெட்டியிருக்கும். சின்ன உளியால் புள்ளி புள்ளியாகத் தட்டி எழுதிய எழுத்து; விரலால் தடவினால் சொரசொரக்கும். ஒரே ஒரு பால் டம்ளரில் மட்டும் விலாசம் இல்லாமல் ‘உமை’ என்று இரண்டே எழுத்து. அவருடைய அண்ணன் தனியாகச் சொல்லி வெட்டச் செய்தது. புகுந்த வீட்டில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஒருவரும் இல்லை. கடைசி வரைக்கும் அவர் காப்பி குடித்தது அந்த டம்ளரில்தான்.

கூப்பிடும் பெயருக்கு எவ்வளவு பலம் என்பதற்குக் கோட்டையூரே சாட்சி. முத்தையா என்று கூப்பிட்டால் தெருவுக்கு நாலு பேர் திரும்பிப் பார்க்கும் சீமை இது. அங்கே ஒரு முத்தையா ஊர் ஊராக அலைந்து பழைய புத்தகங்களையும் இதழ்களையும் நோட்டீசுகளையும் சேர்த்து வைத்தார். அவர் பெயருக்கு முன்னால் ‘ரோஜா’ என்று ஒன்று வந்து சேர்ந்துகொண்டது. 1992-ல் அவர் மறைந்தார். ஏறக்குறைய ஒரு லட்சம் உருப்படிகள் கொண்ட அந்தச் சேகரிப்பு சென்னைக்குப் போய், 1994-ல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் ஆனது. இன்று ஆய்வு மாணவர்கள் ‘முத்தையா நூலகம்’ என்று சொல்வதில்லை. ‘ரோஜா முத்தையா’ என்றால்தான் பெயர் நிறைகிறது.

அதே கோட்டையூரில் 1909-ல் பிறந்தவர் வள்ளல் அழகப்பச் செட்டியார். காரைக்குடியைக் கல்வி ஊராக்கிய அவர் பெயருக்குள் ‘அழகு’ இருக்கிறது. நல்ல எழுதும் பெயருக்கு அதுதான் இலக்கணம் என்பேன்: கூப்பிடும் பெயர் அதற்குள்ளே குடியிருக்க வேண்டும்.

இன்னொரு முத்தையாவும் நினைவுக்கு வருகிறார். சிறுகூடல்பட்டியில் 1927-ல் பிறந்தவர். வேறு வீட்டுக்குப் பிள்ளையாகப் போனார்; அங்கே அவருக்கு நாராயணன் என்று பெயர் மாறியது. பிறகு அவரே தேர்ந்துகொண்ட பெயர் கண்ணதாசன். அவரைப் பிள்ளை கூட்டிக்கொண்ட தாயின் பெயர் சிகப்பி ஆச்சி. சிகப்பி என்பது கேட்பதற்குச் செல்லப் பெயர் மாதிரி இருக்கும். எங்கள் பக்கம் அது எழுதும் பெயராகவே தலைமுறை தலைமுறையாக நிற்கிறது. ஆகவே கூப்பிடும் பெயரையே பதிவேட்டில் ஏற்றுவது ஒன்றும் புதுசு இல்லை.

வங்காளத்தில் இந்த இரண்டு பெயருக்கும் தனித்தனிச் சொல்லே வைத்திருக்கிறார்கள்: ‘டாக் நாம்’, ‘பாலோ நாம்’. வீட்டில் அழைப்பது ஒன்று, வெளியில் வழங்குவது ஒன்று. எழுத்தாளர் ஜும்பா லாகிரியின் முழுப் பெயர் நீலாஞ்சனா சுதேஷ்ணா. அமெரிக்கப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியருக்கு வீட்டுப் பெயரான ஜும்பாவே வாயில் சுலபமாக வந்தது. இன்று அவருடைய புத்தக அட்டைகளில் இருப்பதும் அந்தப் பெயர்தான். இரண்டு பெயருக்கும் உறவே இல்லாவிட்டால், எது வாய்க்கு எளிதோ அது மற்றதை மறைத்துவிடும்.

இதையெல்லாம் யோசித்துவிட்டு வாசகியைத் தொலைபேசியில் அழைத்தேன். ஒரே ஒரு கேள்வி கேட்டேன். “ஐயாவுக்குச் சாலா என்ற பெயர் எங்கிருந்து வந்தது?” அவருக்குத் தெரியவில்லை. “கேட்டுச் சொல்கிறேன்” என்றார். மறுநாள் அவரே அழைத்தார். ஐயாவின் ஆத்தா பெயர் விசாலாட்சி. அந்தக் காலத்துப் பெண்டுகள் அவரைச் சாலா என்று கூப்பிடுவார்களாம். பெற்ற மகன் எந்த நாளும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. மகனுக்கு அவர் ஆத்தாதான். எழுபது வயதுக்கு மேல், பேத்தியின் தொட்டிலருகே முதன்முதலாகத் தன் தாயைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்.

அதற்குப் பிறகு நான் பெயர் தேட வேண்டியிருக்கவில்லை. காசியில் விசாலாட்சி கோயிலுக்குத் திருப்பணி செய்து காத்து வருகிறவர்கள் செட்டிநாட்டு நகரத்தார். செட்டிநாட்டு வீடுகளுக்குப் பழகிய பெயர் அது. அகன்ற கண்ணாள் என்று பொருள். நீளமாக இருக்கிறதே என்று தாய் தயங்கினார். “நீளமாக இருக்கட்டும் அம்மா, சுருக்கம்தான் ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறதே” என்றேன்.

இதே யோசனையில் இருக்கும் மற்ற பெற்றோருக்கும் சொல்கிறேன். கூப்பிடும் பெயர் முதலில் வந்துவிட்டால் அதைக் கைவிடாதீர்கள். அது உள்ளே அடங்கும் பெயரைத் தேடுங்கள். முதலில் உங்கள் குடும்பத்துக்குள்ளேயே தேடுங்கள். கிடைக்காவிட்டால் குலதெய்வத்தின் பெயரையும், நகரத்தார் கோவில் அம்மனின் பெயரையும் சொல்லிப் பாருங்கள். வாய்விட்டுச் சொல்லிப் பார்க்காமல் எந்தப் பெயரையும் முடிவு செய்யாதீர்கள்.

நாளைக் கடத்தவும் வேண்டாம். பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். அப்போது பெயர் இல்லாமலே பதியலாம். பெயரை ஓராண்டுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதன் பிறகு 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, வாக்காளர் பட்டியல், ஓட்டுநர் உரிமம் எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம். அதில் ஏறும் எழுத்து வாழ்நாள் முழுக்கக் கூட வரும். தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒவ்வோர் எழுத்தையும் சரிபார்த்து வாங்குங்கள்.

போன வாரம் கோட்டையூரிலிருந்து மறுபடி கடிதம் வந்தது. பெயர் சேர்க்கும் விண்ணப்பத்தை ஐயாவே தம் கையால் நிரப்பினாராம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த இதழைக் கீழே வைத்ததும் வீட்டில் மூத்தவர் அருகே போய் உட்காருங்கள். சின்ன வயதில் அவரை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், யார் கூப்பிட்டார்கள் என்று கேளுங்கள். கேட்டதைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அந்தப் பெயர் எந்தச் சான்றிதழிலும் கிடைக்காது.

அன்புடன்,
ஆசிரியர்