ரோஷ் என்பது ரஷ்யா அன்று

2022ஆம் ஆண்டு ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்ததிலிருந்து எசேக்கியேல் நூலின் 38, 39ஆம் அதிகாரங்கள் மீண்டும் மேடையேறியிருக்கின்றன. வடகோடியிலிருந்து இஸ்ரவேல்மீது படைதிரட்டி வந்து, இறைத்தீர்ப்பால் வீழும் கோகு என்பவன் ரஷ்யாவின் தலைவனே என்று விளக்குகின்றனர். ஆய்வு செய்வோரும் இதைத் தயக்கமின்றிப் பகிர்கின்றனர். இறையியலை இறையியலாரிடமே விட்டுவிடலாம். ஆனால் இவ்விளக்கம் மொழியையே தனக்குச் சாட்சியாக அழைக்கிறது. எனவே அச்சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும் உரிமை மொழியியல் மாணவருக்கு உண்டு.

ரோஷ் ரஷ்யாவாம், மேசேக்கு மாஸ்கோவாம், தூபால் தொபோல்ஸ்காம். 1909இல் வெளிவந்த ஸ்கோஃபீல்டு விவிலியத்தின் குறிப்புரை பின்னிரண்டையும் அடையாளச் சான்றாகவே முன்வைத்தது. 1970இல் வெளிவந்த ஹால் லிண்ட்சேயின் நூல் ரஷ்யாவே கோகு என்னும் கருத்தைப் பனிப்போர்க்கால வாசகரிடையே பரப்பியது.

எசேக்கியேல் கி.மு. 6ஆம் நூற்றாண்டினர். மாஸ்கோவின் பெயர் ஆவணங்களில் முதன்முதலாகத் தென்படுவது கி.பி. 1147இல், அது ஓர் ஆற்றின் பெயரால் அமைந்தது. தொபோல்ஸ்க் 1587இல் நிறுவப்பட்டது. தொபோல் என்பதும் ஆறே. மேசேக்கும் தூபாலும் அசீரியக் கல்வெட்டுகளில் முஷ்கி, தபால் என வருவோர். இன்றைய துருக்கி நிலப்பகுதியில் வாழ்ந்தோர். இதே நூலின் 27ஆம் அதிகாரம் அவர்களைத் தீரு நகரத்தோடு அடிமைகளையும் வெண்கலக் கலங்களையும் வணிகம் செய்தோராகக் காட்டுகிறது.

ரோஷ் என்னும் எபிரேயச் சொல்லுக்குத் 'தலை' என்பது பொருள். செப்துவசிந்தா என்னும் கிரேக்க மொழிபெயர்ப்பு அதைப் பெயராகக் கொண்டது உண்மையே. இலத்தீன் வுல்காத்தா அதைத் தலை என்றே கொண்டது. பெயர் என்றே ஒப்புக்கொண்டாலும் அது ரஷ்யாவின் பெயராகிவிடாது. 'ருஸ்' என்பது வடஐரோப்பிய நோர்சு மொழியிலிருந்து ஃபின்னிய மொழிவழி வந்ததென்பதே அறிஞர் பெரும்பாலோர் கருத்து. ஒலியொப்புமை மட்டும் உறவுக்குச் சான்றாகாது என்பது ஒப்பியல் மொழியியலின் முதற்பாடம். உலக ஊர்ப்பெயர்களுக்கெல்லாம் தமிழ் வேர் காட்டுவோரை நகையாடும் நாம், அதே முறை மறைநூலின் பெயரால் வரும்போது மௌனம் காப்பது ஏன்? மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது எங்கும் ஒன்றுதான்.

இவ்விளக்கத்தின் வரலாறே அதன் வலுவின்மையைக் காட்டும். 4ஆம் நூற்றாண்டில் அம்புரோசியாருக்குக் கோகு என்போர் கோத்தியர், 16ஆம் நூற்றாண்டில் லூதருக்குத் துருக்கியர், பனிப்போரில் சோவியத்துகள். வாசலில் நின்ற பகைவன் எவனோ அவனே கோகு ஆனான். திருவெளிப்பாட்டில் வரும் கோகு, மாகோகு என்னும் பெயர்களை ஏதேனும் ஓர் இனத்தார்மீது சுமத்த அகுஸ்தினார் 'கடவுளின் நகரம்' 20ஆம் புத்தகத்தில் மறுத்தார். உலகெங்குமுள்ள தீமையின் திரள் என்றே அவற்றை விளக்கினார். ஆகவே நாம் எழுப்பும் மறுப்பு கிறித்தவ மரபுக்குப் புறம்பானதன்று.

இது வெறும் சொல்லாராய்ச்சிப் பூசலும் அன்று. ஒரு மக்களினம் அழிவதற்கென்றே விதிக்கப்பட்டது என்று நம்புவோர்க்கு, அதனோடு அமைதி பேசுவது வீண்முயற்சியாகவே தோன்றும். தீர்ப்பு முழுவதையும் அயலான்மீது ஏற்றிவிட்டால், வாசிப்பவனுக்கு அஞ்சவும் திருந்தவும் எதுவும் மிஞ்சாது. எசேக்கியேலோ 34ஆம் அதிகாரத்தில், மந்தையை மேய்க்காமல் தம்மையே மேய்த்துக்கொண்ட தம் சொந்த மக்களின் தலைவர்களைத்தான் கூண்டில் ஏற்றுகிறார். கோகு யார் எனத் தேடி நிலப்படத்தை விரிப்போர் அவ்வதிகாரத்தையும் ஒருமுறை வாசிக்கட்டும்.